ராஜபாளையம் பதிவேடு: மறை விழுந்த நாய்க்கு இடம் உண்டா, இல்லையா?

மன்றச் செயலர் (இழையைத் தொடங்கியவர்)

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். செயற்குழு சென்ற ஞாயிறன்று கூடியது. முடிவான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். முடிவாகாமல் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஒன்றைப் பற்றித்தான் உங்கள் கருத்து வேண்டும்.

ஆண்டுக் கண்காட்சி கோடையில் நடக்காது. மார்கழியிலோ தையிலோ ஒரே நாளில் நடத்தி முடிப்பதென்று தீர்மானமாகியிருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாத நாய், எவ்வளவு பெயர்பெற்ற வீட்டு நாயாக இருந்தாலும், வாசலைத் தாண்டாது. காது வெட்டப்பட்ட குட்டிகளைப் போட்டி வளையத்துக்குள் விடுவதில்லை என்ற விதியும் தொடர்கிறது. சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கான ஓட்டப் பயிற்சி, மோட்டார் இழுக்கும் துணிக்கந்தையைத் துரத்தும் முறையில் மட்டுமே நடைபெறும். முயல் விரட்டிய காணொளியைப் பெருமையாகப் பகிர்ந்த உறுப்பினர் ஒருவர் நீக்கப்பட்டிருக்கிறார். அதைப் பற்றி இந்த இழையில் விவாதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி, முடிவாகாத செய்தி. நம்முடைய ராஜபாளையம் நாயினப் பதிவேட்டின் படிவத்தில் நிறம் என்ற கட்டத்துக்கு எதிரே 'வெள்ளை' என்று அச்சிட்டே வைத்திருக்கிறோம். எழுதுவதற்கு இடம்கூட விடவில்லை. தோலுக்கடியில் அடையாளச் சில்லு பதிக்கும் சென்ற மைக்ரோசிப் முகாமுக்கு ஒரு விவசாயி ஒரே ஈத்தில் பிறந்த மூன்று நாய்களைக் கொண்டுவந்தார். தாயும் தகப்பனும் நம் பதிவேட்டிலேயே இருப்பவை. இரண்டு நாய்கள் பால் வெள்ளை. மூன்றாவது பெட்டைக்கு இடது காதிலும் முதுகிலும் பழுப்பு மறை, அதாவது நிறத்திட்டு. வெள்ளை இரண்டுக்கும் சிப் போட்டுச் சான்றிதழ் கொடுத்தோம். மறை விழுந்த பெட்டையைத் திருப்பி அனுப்பினோம். அவர் எங்களோடு சண்டைக்கு வரவில்லை. "தாய் ஒன்று, தகப்பன் ஒன்று, பிறந்த நேரம் ஒன்று, இது மட்டும் எந்த இனம் என்று எழுதித் தாருங்கள், நான் போய்விடுகிறேன்" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் எழுதித்தர ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்த இழை.

வெண்கோடை

செயலர் ஐயா அவர்களுக்கு வணக்கம். அந்த விவசாயியின் கேள்வி மனத்தைத் தைக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் என் கருத்து, கூடாது என்பதே.

ராஜபாளையம் என்றால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, பொன் நிறக் கண். இதை நாங்கள் நேற்று உட்கார்ந்து எழுதவில்லை. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது, இமயமலை ஆட்டுநாய், ராம்பூர் வேட்டைநாய், முதோல் வேட்டைநாய் ஆகியவற்றோடு நம் ஊர் நாயும் இடம்பெற்றது. ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் நாட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வெள்ளை நாய் கண்முன் வருகிறதென்றால், அதற்குக் காரணம் மூன்று நான்கு தலைமுறை வளர்ப்பாளர்கள் காட்டிய கண்டிப்பு. எங்கள் வீட்டில் மறை விழுந்த குட்டியை வளர்த்ததும் இல்லை, விற்றதும் இல்லை.

நிறத்தில் இன்று நூல் பிடிக்கவில்லை என்றால், நாளை சந்தையில் யார் எதைக் காட்டி ராஜபாளையம் என்றாலும் தலையாட்ட வேண்டியிருக்கும். கலப்புக் குட்டிகளை இணையத்தில் விற்பவர்களுக்கு இப்போது இருக்கும் ஒரே தடை நிறம்தான். அந்தத் தடையையும் மன்றமே எடுத்துவிட வேண்டுமா என்று உறுப்பினர்கள் யோசிக்க வேண்டும்.

கால்நடை மருத்துவர், நெல்லை

வெண்கோடை அண்ணாச்சி சொல்லும் கண்டிப்பு உண்மை; அதன் பலனும் உண்மை. ஆனால் அந்தக் கண்டிப்புக்கு நாய்கள் கொடுத்த விலை ஒன்று உண்டு. அது நம் கூட்டங்களில் பேசப்படுவதே இல்லை. ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு இருப்பது இந்த ஊரில் நாய் வளர்த்த எவருக்கும் புதிய செய்தி அன்று.

இது எப்படி ஏற்படுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் உட்காதிலும் உண்டு. அங்கே அவற்றின் வேலை அழகு அன்று. ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்களுக்கு உயிர்ப்பு கொடுக்கும் திசுவைக் காப்பது. உடல் முழுவதும் வெள்ளையாக இருக்கும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த நிற அணுக்கள் உட்காதுக்கும் போய்ச்சேராமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. அப்படிப்பட்ட குட்டிக்குப் பிறந்த மூன்று நான்கு வாரங்களில் அந்தத் திசு சிதைந்து, நுண்மயிர் அணுக்கள் மடிந்துவிடுகின்றன. அவை மறுபடி முளைப்பதில்லை. ஒரு காது மட்டும் போகலாம், இரண்டும் போகலாம்.

உலகில் இதற்கு மிகுதியாக ஆராயப்பட்ட நாய் டால்மேஷன். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு ஒரு காதோ இரு காதுகளோ கேட்பதில்லை. டால்மேஷன் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். புள்ளிகள் பிறகுதான் வரும். சில குட்டிகள் மட்டும் பிறக்கும்போதே காதிலோ தலையிலோ பெரிய கருந்திட்டோடு பிறக்கும். இனத்தின் தர வரையறை அந்தத் திட்டைக் குறை என்று தள்ளுகிறது. அந்தத் திட்டோடு பிறந்த குட்டிகளிலோ செவிடு குறைவு. நீலக்கண் உள்ளவற்றில் அதிகம். அதாவது, கண்காட்சி வளையத்தில் தோற்கும் குட்டிக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

அந்தப் பழுப்புக் காதுப் பெட்டையைத் திருப்பி அனுப்பிய செய்தியைப் படித்தவுடன் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. டால்மேஷனில் கண்டது நம் நாய்க்கும் அப்படியே பொருந்துமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். சோதிப்பதற்கு மறை விழுந்த நாய்களும் நம் கணக்கில் இருக்க வேண்டும் அல்லவா?

மாடிவீட்டு வெள்ளையன்

நான் சென்னையில் வசிப்பவள். மன்றத்தில் புதிய உறுப்பினர். மேலே மருத்துவர் எழுதியதைப் படித்த பிறகு என் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒருவரிடம் 45 நாள் குட்டி என்று சொல்லி வாங்கினேன். அவர் அதை இரவுப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார். குட்டி வந்து சேர்ந்தபோது நிற்கவே தெம்பில்லை. பிழைத்துக்கொண்டது. தீபாவளியன்று தெருவே அதிர வெடித்தபோதும் அது சுருண்டு படுத்துத் தூங்கியது. எவ்வளவு தைரியமான நாய் என்று நாங்கள் வியந்தோம். சில நாள் கழித்து, பின்னாலிருந்து தொட்டவுடன் பதறிக் கடிக்க வந்தபோதுதான் சந்தேகம் எழுந்தது. விற்றவரைக் கேட்டதற்கு, "வேறு குட்டி தருகிறேன், இதைத் திருப்பி அனுப்புங்கள்" என்றார். திருப்பி அனுப்பினால் அதற்கு என்ன நேரும் என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.

இப்போது அதற்கு ஐந்து வயது. கை அசைவில் உட்காரும், வரும், நிற்கும். இருட்டில் மாடி விளக்கை இருமுறை அணைத்துப் போட்டால் ஓடி வந்துவிடும். எங்களுக்கு இடம் இருந்தது, பொழுது இருந்தது. தோட்டக் காவலுக்கு என்று ஒருவர் வாங்கியிருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

வெண்கோடை

அம்மா, உங்கள் நாயைக் காப்பாற்றி வைத்திருப்பதற்கு நன்றி. 45 நாளில் பேருந்தில் ஏற்றுபவனை வளர்ப்பாளர் என்று நான் சொல்லமாட்டேன்.

மருத்துவருக்கு ஒரு விளக்கம். செவிட்டுக் குட்டி எங்களுக்குத் தெரியாமல் போவதில்லை. தாய் உறுமும்போது மற்றக் குட்டிகள் ஒதுங்கும், இது ஒதுங்காது. தட்டை ஓங்கித் தட்டினால் காது திரும்பாது. அப்படிப்பட்ட குட்டியை நாங்கள் இணை சேர்ப்பதற்கு வைத்துக்கொள்வதில்லை. இதற்குப் படிவமும் கருவியும் தேவையா?

கால்நடை மருத்துவர், நெல்லை

தேவை, அண்ணாச்சி. தட்டைத் தட்டினால் தரை அதிர்கிறது, காற்று அசைகிறது, பக்கத்துக் குட்டி எழுந்து ஓடுகிறது. செவிட்டுக் குட்டி இவை எல்லாவற்றையும் பார்த்து நடந்துகொள்ளும். கூட்டத்தில் இருக்கும்வரை அது பிடிபடாது. அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு காது மட்டும் கேட்காத நாய். எந்தத் திசையிலிருந்து ஓசை வருகிறது என்பதில் சிறு தடுமாற்றம் இருக்குமே தவிர, கூப்பிட்டால் வரும், காவல் காக்கும், கண்காட்சியில் பரிசும் வாங்கும். எந்தக் குறையும் இல்லை என்று அதையே கடுவனாக நிறுத்தி நூறு பெட்டைக்குச் சேர்ப்போம். செவிட்டுத் தன்மை அடுத்த தலைமுறைக்குப் போகும் பாதை பெரும்பாலும் அதுதான்.

பேயர் சோதனை என்று ஒன்று உண்டு. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று மருத்துவமனையில் பார்க்கும் அதே முறைதான். காதுக்குள் சிறு ஓசையை அனுப்பி, மூளைத்தண்டிலிருந்து எழும் மின்னலைகளைத் தலையில் பொருத்திய நுண்முனைகளால் பதிவுசெய்வார்கள். ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கலாம். குட்டிக்கு ஐந்து வாரம் நிறைந்தால் முடிவு நம்பகமாக இருக்கும்; அதற்கு முன்பு செய்தால் சிதைவு இன்னும் முடியாமல் இருக்கலாம். சட்டப்படி எட்டு வாரத்துக்கு முன்பு குட்டியை விற்கக் கூடாது. ஆக, சோதித்துப் பதிந்து விற்க மூன்று வாரம் நம் கையில் இருக்கிறது. ஒரே ஊரில் மூன்று நான்கு ஈத்துகளைச் சேர்த்து ஒரு முகாமாக வைத்தால் செலவும் பகிர்ந்துபோகும். கால்நடை அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மன்றத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதித் தொடங்கலாம்.

கணக்குப்பிள்ளை

நான் நாய் வளர்ப்பவன் அல்லன். ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன். பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலையைச் செயலர் என்னிடம் தந்திருப்பதால், அதில் கண்டதை வைத்துப் பேசுகிறேன்.

நம் ஏட்டில் பல நாய்களின் பரம்பரையை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், மூன்றாம் தலைமுறைக்குள் அதே சில கடுவன்களிடம் வந்து முட்டுகிறது. பரிசு வாங்கிய கடுவனிடமே எல்லோரும் பெட்டையைக் கொண்டுபோவதால் வரும் விளைவு இது. உறவுக்குள் சேர்ப்பதன் அளவைச் சொல்ல ஓர் எண் உண்டு: தகப்பனையும் மகளையும், அல்லது உடன்பிறந்த இரண்டையும் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு அது 25 விழுக்காடு, தகப்பன் மட்டும் ஒன்றாக இருக்கும் இரண்டைச் சேர்த்தால் 12.5, ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளைச் சேர்த்தால் 6.25. இது ஒரு முறை சேர்ப்பதற்கான கணக்கு. முந்தைய தலைமுறைகளிலும் அதே சேர்க்கை நடந்திருந்தால் எண் அதற்குமேல் ஏறிக்கொண்டே போகும். குட்டிகளின் எண்ணிக்கை குறைவது, ஈத்தில் இறந்து பிறப்பது, நோய் எதிர்ப்புக் குறைவது ஆகியவை அதன் பின்னால் வரும்.

இந்த நிலையில் நாம் ஒவ்வோர் ஈத்திலும் மறை விழுந்த குட்டிகளை எடுத்து வெளியே போடுகிறோம். ஏற்கெனவே சிறிய குளம். அதிலிருந்தும் வாளி வாளியாக இறைக்கிறோம். மறையோடு பிறந்த குட்டி கலப்பு என்ற எண்ணமும் தவறு. வெள்ளைத் தாய்க்கும் வெள்ளைத் தகப்பனுக்கும் மறைக் குட்டி பிறக்கிறது என்றால், அது அந்த இரத்தத்திலேயே இருக்கிறது என்று பொருள்.

டால்மேஷனைப் பற்றி மருத்துவர் எழுதியதால் அதே இனத்திலிருந்து இன்னொன்றையும் சொல்கிறேன். சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் உண்டாகும் குறை அந்த இனம் முழுவதிலும் இருந்தது. அந்தக் குறை இல்லாத டால்மேஷனே இல்லை என்ற நிலை. 1973இல் அமெரிக்காவில் ஒரு மரபியலாளர் ஒரே ஒரு பாயின்டர் நாயோடு சேர்த்து, பிறந்த குட்டிகளைத் திரும்பத் திரும்ப டால்மேஷன்களோடு சேர்த்து, அந்தக் குறை நீங்கிய வம்சத்தை உருவாக்கினார். தோற்றத்தில் டால்மேஷனிலிருந்து பிரித்தறிய முடியாத அந்த நாய்களை அமெரிக்க கென்னல் கிளப் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டது 2011இல்தான். ஏறத்தாழ நாற்பது ஆண்டு வாக்குவாதம். நம்மிடம் வந்திருப்பது வேற்றினத்து நாய்கூட அன்று. நம் ஏட்டில் இருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த பெட்டை.

என் யோசனை இது. மறை விழுந்தவற்றை இணைப்பேடு என்று தனியே ஒன்றில் பதிவோம். கண்காட்சியில் அவற்றுக்குப் போட்டி வேண்டாம். ஆனால் வெள்ளைத் துணையோடு சேர்த்துப் பிறக்கும் வெள்ளைக் குட்டிகள் முதன்மை ஏட்டுக்கு வரட்டும்.

கரிசல்காட்டுக்காரன்

ராஜபாளையத்துக்காரர்கள் நிறத்தைப் பற்றிப் பேசும்போது எங்களுக்குச் சிரிப்பு வருகிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கத்தில் சிக்கல் நேர் எதிர்.

கோவில்பட்டி, சாத்தூர் சுற்றுவட்டாரத்தில் நாயை முதலில் நிறத்தால்தான் அழைப்பார்கள். கருப்பில் பழுப்பு வாய்ந்தால் கன்னி. வெளிர்நிறம் என்றால் பால்கன்னி. செவலை, சாம்பல் என்று பிற. உடல்வாகு, ஒட்டிய வயிறு, நீண்ட முகம், ஓட்டம் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கன்னியும் சிப்பிப்பாறையும் இரண்டு இனமா, ஒரே இனத்தின் இரண்டு நிறமா என்று எங்கள் திண்ணைகளில் நடக்கும் சண்டை இன்னும் ஓயவில்லை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள அமைப்பு முதன்முதலாக மூன்று நாயினங்களைப் பதிவு செய்தபோது ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்நாடகத்து முதோலும் இடம்பெற்றன. கன்னி என்ற பெயர் அந்த மூன்றில் இல்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இந்திய நாயினங்களைக் குறிப்பிட்டபோதோ ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பையோடு கன்னியையும் தனியே சொன்னார். அந்தப் பதிவுச் செய்தியையும் இந்த உரைச் செய்தியையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் உண்டு.

இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஈத்தில் கன்னி நிறத்தில் மூன்றும் சாம்பல் நிறத்தில் இரண்டும் விழுந்தால், எங்கள் மக்கள் இரண்டு இனம் பிறந்துவிட்டது என்று இரண்டு விலைக்கு விற்கிறார்கள். நிறத்தை வைத்து ஏட்டைப் பிரித்தால் ஒரு வயிற்றுக் குட்டிகளே இரண்டு ஏட்டுக்குப் போகும். ராஜபாளையம் ஏட்டில் என்ன முடிவெடுக்கிறீர்களோ, அடுத்த ஆண்டு அதே முடிவு எங்கள் தலையிலும் வந்து விடியும். அதனால் பார்த்துச் செய்யுங்கள்.

மேற்கு மலையடி

கோம்பையிலும் கதை இருக்கிறது. எழுதினால் தனி இழை வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: செம்பழுப்பு உடம்பும் கரிய முகமும் இருந்தால் போதும் என்று வாங்கிப்போன நாய்களில் பாதி, ஆளைக் கண்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகின்றன. படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் இருக்கிறது, குணத்துக்கு இல்லை.

சட்டம் படித்தவன்

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு, மன்றம் எந்தத் தரையில் நிற்கிறது என்று பார்ப்போம்.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2017இல் வந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் நிறைய வேண்டும். எட்டு வயதைத் தாண்டக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. ஒவ்வொரு நாய்க்கும் அடையாளமும் பதிவும் வைத்திருக்க வேண்டும். இந்த விதிகளில் எந்த இடத்திலும் வெள்ளைக் குட்டி, மறைக் குட்டி என்ற பாகுபாடு இல்லை. ஆகவே, பிறந்த குட்டி ஒவ்வொன்றும் கணக்கில் வந்தாக வேண்டும். "எங்கள் வீட்டில் மறைக் குட்டியை வளர்த்ததும் இல்லை, விற்றதும் இல்லை" என்று ஒரு வளர்ப்பாளர் பொதுவெளியில் எழுதினால், அந்தக் குட்டிகள் என்ன ஆயின என்று கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு. வெண்கோடை ஐயா இதைத் தனிப்பட்ட குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முந்தைய தலைமுறையின் வழக்கம் அது என்பது எனக்கும் தெரியும்.

2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத சைபீரியன் ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்ட் போன்ற இனங்களின் இனப்பெருக்கத்தைத் தடுத்து, நாட்டு இனங்களுக்கு ஊக்கம் தர முனைந்தது. அரசு நம் பக்கம் பார்க்கும் காலம் இது. சைதாப்பேட்டையில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்திவந்த நாய் இனப்பெருக்கப் பிரிவு, விலங்கு நல அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு 2016இல் மூடப்பட்டதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ராஜபாளையமும் கோம்பையும் சிப்பிப்பாறையும் கிடைத்துக்கொண்டிருந்த ஓர் அரசு இடம் அதோடு போயிற்று. அதன் பிறகு இந்த இனங்களின் பொறுப்பு பெரும்பாலும் தனியார் கைக்கும் மன்றங்களின் ஏட்டுக்கும் வந்திருக்கிறது.

இன்னொரு நடைமுறைச் செய்தி. நம் மன்றம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. பதிவேட்டின் தகுதி நம் துணைவிதிகளில் எழுதப்பட்டிருப்பதால், செயற்குழுவே படிவத்தைத் திருத்திவிட முடியாது. பொதுக்குழுவுக்கு முறையாக அறிவிப்புக் கொடுத்துத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.

வெண்கோடை

இரண்டு நாளாக யோசித்தேன். சட்டம் படித்த தம்பி எழுதிய வரி என்னை உறங்கவிடவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். என் தகப்பனார் காலத்தில் மறைக் குட்டியும் செவிட்டுக் குட்டியும் பிறந்த அன்றே, அல்லது தெரிந்த அன்றே, இல்லாமல் போகும். நான் அதைச் செய்ததில்லை. ஊருக்கு வெளியே தோட்டக்காரர்களுக்குக் கேட்காமல் கொடுத்துவிடுவேன், பெயர் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. அப்படிக் கொடுத்த ஒரு மறைக் கடுவன் பக்கத்து ஊரில் பன்னிரண்டு வயதுவரை காவல் இருந்தது. இரவில் அரை மைல் தொலைவில் வண்டி திரும்பினாலும் குரைக்கும் என்று அந்த வீட்டுக்காரர் சொல்வார். மருத்துவர் எழுதியதைப் படித்த பிறகு அந்த நாயின் நினைவு வந்துகொண்டே இருக்கிறது.

இணைப்பேட்டுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று நிபந்தனைகள். தாய் தகப்பன் இரண்டும் முதன்மை ஏட்டில் இருந்தாலொழிய மறை நாயை இணைப்பேட்டிலும் ஏற்றக் கூடாது. சந்தையில் வாங்கிய குட்டி அந்த வழியாக உள்ளே வந்துவிடக் கூடாது. தாய், தகப்பன், குட்டி மூன்றுக்கும் மரபணு ஒப்பீடு செய்து உறுதிப்படுத்த வேண்டும், வாய்ச்சொல் போதாது. இணைப்பேட்டு நாயின் சான்றிதழ் வேறு நிறத் தாளில் இருக்க வேண்டும், வாங்குகிறவருக்குப் பார்த்தவுடன் தெரியும்படி.

கணக்குப்பிள்ளை

மூன்றும் நியாயம். ஆனால் மரபணு ஒப்பீட்டை மறை நாய்க்கு மட்டும் கேட்டால், வெள்ளை நாய்க்கு வாய்ச்சொல் போதும் என்று ஆகிவிடும். கலப்புக் குட்டியும் வெள்ளையாகப் பிறக்கலாம் அல்லவா? செலவைத் தாங்க முடிந்தால் எல்லாவற்றுக்கும் செய்வோம். முடியாவிட்டால், இணை சேர்ப்பதற்கு நிறுத்தும் கடுவன்களுக்காவது முதலில் செய்வோம். ஒரு பெட்டை ஆண்டுக்கு ஓர் ஈத்து. ஒரு கடுவன் ஆண்டுக்கு எத்தனை என்பதை ஏட்டைப் பார்த்தால் தெரியும்.

கால்நடை மருத்துவர், நெல்லை

செவிச் சோதனையிலும் அதே வரிசையைப் பின்பற்றுவோம்: முதலில் கடுவன்கள். இரு காதும் கேட்கும் கடுவன் என்று சான்று இல்லாமல் எந்த நாயையும் மன்றம் இணை சேர்ப்புக்குப் பரிந்துரைக்காது என்று அறிவித்தால் போதும். மற்றதை வளர்ப்பாளர்களின் போட்டியே பார்த்துக்கொள்ளும்.

வெண்கோடை

என் இரண்டு கடுவன்களையும் முதல் நாளே கொண்டுவருகிறேன். மூத்தது மூன்று முறை பரிசு வாங்கியது. ஒரு காது கேட்கவில்லை என்று வந்தால் அதையும் ஏட்டில் எழுதுங்கள், மறைக்க வேண்டாம்.

மன்றச் செயலர்

அனைவருக்கும் நன்றி. கீழ்க்கண்டவாறு தீர்மான வரைவை எழுதி, 21 நாள் அறிவிப்போடு உறுப்பினர்களுக்கு அனுப்புகிறேன். இரண்டு பெற்றோரும் முதன்மை ஏட்டில் உள்ள மறை நாய்கள் இணைப்பேட்டில் பதியப்படும். அவற்றுக்கு வெள்ளைத் துணையோடு பிறக்கும் வெள்ளைக் குட்டிகள் முதன்மை ஏட்டுக்குத் தகுதி பெறும். படிவத்தில் நிறம் என்ற இடம் வெற்றுக் கட்டமாக விடப்படும். அதற்குக் கீழே வலக்காது, இடக்காது என்று இரண்டு கட்டமும், மேற்கு மலையடியார் கேட்டபடி குணத்துக்கு ஒரு கட்டமும் சேர்க்கப்படும். ஓர் ஈத்தில் பிறந்த குட்டிகள் அனைத்தும், இறந்தவை உட்பட, ஒரே தாளில் எழுதப்பட வேண்டும். கன்னி, சிப்பிப்பாறை ஏடுகளைப் பற்றி இந்தத் தீர்மானம் எதுவும் சொல்லாது. கரிசல்காட்டுக்காரர் தனி இழை தொடங்கட்டும்.

பழுப்புக் காதுப் பெட்டையின் சொந்தக்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். பொதுக்குழு ஒப்புக்கொண்டால் அடுத்த முகாமுக்கு அழைத்து வரச் சொன்னேன். அது இப்போது சினையாக இருக்கிறதாம். கடுவன் அடுத்த தெருவில் உள்ள வெள்ளை நாய்தானாம், நம் ஏட்டில் இருப்பதுதான். அந்தக் குட்டிகளை எந்த ஏட்டில் எழுதுவது என்று கேட்டார்.

கணக்குப்பிள்ளை

முகாமுக்கு முன்பே ஈன்றுவிட்டால் தாயை அலைக்கழிக்க வேண்டாம்; பால் கொடுக்கும் பெட்டையை வெயிலில் கொண்டுவந்து நூறு நாய்களுக்கு நடுவே கட்டக் கூடாது. ஈன்ற நாள், குட்டிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் நிறம் ஆகியவற்றைத் தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், ஐயா. ஐந்தாம் வாரம் நிறைந்ததும் மருத்துவரும் நானும் அவர் தோட்டத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.